ஞானப்பல்லும் தாடை அறுவைச் சிகிச்சையும்



வாயைக் கையால் மறைத்துச் சிரிக்கும் மாணவர்களை வகுப்பறையில் கண்டிருக்கிறேன். தாடை முன்தள்ளிய அத்தகையோருக்கு, கீழ்த்தாடையை இருபுறமும் நெடுக்காகப் பிளந்து நகர்த்திப் பொருத்தும் முறையை 1950களில் வகுத்தளித்தவர் ஹூகோ ஒப்வெகெசர் எனும் மருத்துவர்.

பிளக்கும் இடத்திலேதான் ஞானப்பல் புதைந்து கிடக்கிறது! (பெயர்தான் ஞானம்.) பல் அடைத்துக்கொண்ட அளவுக்கு அங்கே எலும்பு குறைவு, பிளவு வழிதவறி முறியலாம். ஆகவே குழி எலும்பால் நிரம்பட்டும் என்று 6 மாதம் முன்பே பிடுங்கச் சொல்வோர் உண்டு. அறுவையின்போதே எடுத்தாலும் முறிவு அதிகமில்லை என்போரும் உண்டு. அனுபவமுள்ள மருத்துவரே முடிவுசெய்யட்டும். ஆனால், பெற்றோர்களே, கேள்வியைத் தள்ளிப்போடாதீர்கள். பல்லுக்குக் கம்பி கட்டத் தொடங்கும் அன்றே கேளுங்கள். அறுவைக்கு நாள் குறித்தபின் 6 மாதம் கிடைக்காது.