விசிறி வைத்த முகக்கவசம்

உத்திரமேரூர் வட்டாரத்தில் கல் உடைக்கும் கிரஷர் ஓடும் பக்கம் போனால் சாலையோர இலைகளெல்லாம் வெளுத்துக் கிடக்கும். அந்தத் தூசி பெரும்பாலும் மூக்கோடு நின்றுவிடும். கண்ணுக்கே தெரியாத சிலிக்கா துகள்தான் நுரையீரலின் அடிவரை போகிறது. அதனால் வரும் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோயைக் குணப்படுத்த மருந்து கிடையாது. வாயில் கட்டும் துண்டு தடுக்கவும் தடுக்காது.

இதற்கென விசிறி வைத்த முகக்கவசம் உண்டு. இடுப்பு பெல்ட்டில் பேட்டரி, விசிறி, வடிகட்டி. அங்கிருந்து குழாய் வழியே தலையுறைக்குள் சுத்தமான காற்று. தளர்வான தலையுறை என்றால் தாடிக்காரரும் போடலாம். விலைதான் கொஞ்சம் மலைக்க வைக்கும். கிரஷரில் தண்ணீர் தெளிப்பானை ஓடவிட்ட பிறகே இதன் பேச்சு.

போடுமுன் பேட்டரியையும் காற்றின் வேகத்தையும் பாருங்கள். நடுவில் விசிறி நின்றால், தூசியை விட்டு வெளியே வந்தபிறகே கழற்றுங்கள். லாரி ஃபில்டரை ஏர் பிடித்து ஊதுகிற மாதிரி இந்த வடிகட்டியை ஊதினால் இழை கிழிந்துவிடும். பார்வைக்குப் புதுசு, வேலைக்கு ஆகாது. அடைத்தால் மாற்றத்தான் வேண்டும்.

இன்னொன்று. இது இருக்கிற காற்றை வடிகட்டுமே தவிர, ஆக்சிஜனை உண்டாக்காது. இதை மாட்டிக்கொண்டு பாழுங்கிணற்றிலோ செப்டிக் டேங்கிலோ இறங்கவே கூடாது.