அருவி ஆற்றங்கரையில் இருவர்



அனுராதபுரத்தில் மல்வத்து ஓயா எனப் பெயர் பெறும் ஆற்றினை வன்னி மக்கள் அருவி ஆறு என்பர். வவுனியா, மன்னார் மாவட்டக் காடுகளினூடே சென்று, அரிப்புக்கு அருகே அது கடலிற் கலக்கின்றது. 1679ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் ஆங்கிலேயர் இருவர் அவ்வாற்றையே வழிகாட்டியாகக் கொண்டு நடந்துவந்தனர். ஒருவர் ரொபேட் நொக்ஸ். மற்றவர் அவருடைய தோழர் ஸ்டீபன் ரட்லண்ட்.

புயலிற் பாய்மரம் இழந்து கொட்டியாரக் குடாவை அடைந்த கப்பலில் வந்தவர் நொக்ஸ். 1660இல் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் அவரைச் சிறைப்பிடித்தபோது அவருக்கு வயது பத்தொன்பது. உடன் சிறைப்பட்ட தந்தையார் மறுவருடமே காலமானார். நொக்ஸ் கண்டி நாட்டை விட்டு வெளியேறக் கூடாது. ஆயினும் ஊர்களுக்குள்ளே நடமாடலாம். ஆகவே, அவரும் தோழரும் சில்லறைப் பண்டங்களைச் சுமந்து விற்கும் வணிகராய் வட திசைக்குச் சென்று, வழிகளை அறிந்துகொண்டனர். பல முயற்சிகளின் பின், 1679 செப்டெம்பர் 22ஆந் திகதி இறுதியாகப் புறப்பட்டனர்.

ஒக்டோபர் 16, வியாழக்கிழமை நண்பகல். கண்டி மன்னனின் நாட்டையும் தமிழர் நாட்டையும் பிரித்த குருந்த ஓயாவை இருவரும் கடந்தனர். மறுநாட் காலை ஒன்பது பத்து மணியளவில் மக்கள் குடியிருந்த நிலத்தை அடைந்தனர். எல்லை கடந்தும் அச்சம் நீங்கவில்லை. வன்னியத் தலைவன் அச்சத்தினால் ஒல்லாந்தருக்குத் திறை செலுத்தினானாயினும், அவன் மனம் கண்டி மன்னன் பக்கமே சார்ந்திருந்தது. கையில் அகப்பட்டால் பழைய எசமானிடமே அனுப்பிவிடுவான் என்று நொக்ஸ் எண்ணினார்.

அப்படியாயின் இரவில் மறைந்து நடந்திருக்கலாமே என்று நேயர்கள் கேட்கலாம். அதற்கும் இடமில்லை. காடோ முட்செறிந்தது, இருள் சூழ்ந்ததும் விலங்குகள் நீர் அருந்த ஆற்றுக்கு இறங்கிவரும். மனிதர் கண்ணிற் படுவோம் என்று தெரிந்தே, பகலிற் கரையோரமாக நடந்தனர்.

அஞ்சியது நிகழவில்லை. அந்நாட்டில் அவர்கள் சந்தித்த பிராமணர் இருவரும் அவர்களை மரியாதையுடன் நடத்தினர். அவர்களுள் ஒருவர் பணம் பெற்றுக்கொண்டு ஒல்லாந்தர் ஆட்சி எல்லைவரை உடன்வந்தார். அப்பால் காட்டினின்றும் வெளியேற வழி தெரியாது திகைத்தபோது, தமிழர் ஒருவர் ஒரு கத்திக்காக ஓர் ஊரிற் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஊருக்கு ஊர் வழிகாட்டிகள் கிடைத்தனர். ஒக்டோபர் 18, சனிக்கிழமை, அரிப்புக் கோட்டையை அடைந்தனர். பத்தொன்பதரை ஆண்டுச் சிறைவாழ்வு அன்றோடு முடிந்தது.

கூலிக்குச் செய்த உதவிதானே என்று சிலர் கருதலாம். ஆனால், தப்பியோடிய கைதிகளுக்கு வழிகாட்டிய செய்தி வன்னியத் தலைவன் செவிக்கு எட்டியிருந்தால் அந்த வழிகாட்டியின் கதி என்னவாகியிருக்கும்? காட்டிக்கொடுத்துப் பரிசு பெறவும் அவரால் முடிந்திருக்கும். அவர் அவ்வாறு செய்யவில்லை.

நொக்ஸ் எழுதிய இலங்கை வரலாற்று நூல் 1681இல் இலண்டனில் வெளிவந்தது. டானியல் டெபோ 1719இல் எழுதிய ராபின்சன் குருசோ கதைக்கு அதுவும் ஒரு தூண்டுதலாயிற்று என்று ஆய்வாளர் சிலர் கருதுவர். நொக்ஸின் பெயரை உலகம் அறியும். அவரை விடுதலைக்கு அழைத்துச் சென்ற வன்னி வழிகாட்டிகளின் பெயர்களை வரலாறு காத்துவைக்கவில்லை. அவர்கள் செய்த உதவியை மட்டும் காத்துவைத்திருக்கின்றது.