கண்முன் உள்ள நிலம்



சில ஆண்டுகளுக்கு முன் நம் பள்ளி மாணாக்கரிடம், "உங்கள் ஊரை வரையுங்கள்" என்றோம். இரு மலைகள், இடையே எழும் கதிரவன், ஓர் ஆறு, ஒரு தென்னை. ஏறத்தாழ எல்லாத் தாள்களிலும் இதுவே காட்சி. தாம்பரத்துத் தண்டவாளம் எதிலும் இல்லை. தாம் வாழும் தெருவையும் ஒருவரும் வரையவில்லை. நம் இடம் படத்திற்கு உரியதன்று என அவர்களுக்குக் கற்பித்தவர் யார்? கரும்பலகையில் அம்மலைகளை முதலில் வரைந்து காட்டிய ஆசிரியர்களாகிய நாமே!

இவ்விடத்தில் ஆவணப்பட இயக்குநர் ஆர். பி. அமுதன் அவர்களின் பணியை உங்கள் முன் வைக்க விழைகிறோம். திரைப்பட நிறுவனங்களைச் சாராது தனித்து இயங்குபவர் அவர். 2003-இல் வெளிவந்த அவருடைய 'பீ' என்னும் படம் 26 நிமிடங்களே ஓடும். மதுரைத் தெரு ஒன்றில் மனிதக் கழிவை அள்ளும் பெண்மணி ஒருவரை அது பின்தொடர்கிறது. தலைப்பைக் கேட்டு முகம் சுளிப்போர் உண்டு. அள்ளுபவருக்கோ முகம் சுளிக்கவும் நேரமில்லை. அவ்வேலையைத் தடுக்கும் சட்டம் 1993-இலேயே இயற்றப்பட்டது. பத்தாண்டு கழிந்தும் அது நடந்தது என்பதற்கு அப்படமே சான்று. 2013-இல் மற்றுமொரு சட்டம் தேவைப்பட்டது.

பின்னர் அவர் மணவாளக்குறிச்சி, கல்பாக்கம், கூடங்குளம் ஆகிய கடற்கரைகளுக்குச் சென்று, கதிர்வீச்சைப் பற்றிய அச்சத்தோடு வாழும் மக்களைப் படமாக்கினார். நிலக்காட்சி என்பது வெறும் அழகன்று; அங்கே யார் உழைக்கிறார், யார் நோகிறார் என்பதும் அதனுள் அடங்கும். 1998 முதல் மதுரையில் ஆவணப்பட விழா நடத்திப் பிறர் படங்களையும் மக்களிடம் கொண்டு சேர்த்தவர் அவர்.

இளைஞர்களே! இது மாதச் சம்பளம் தரும் தொழிலன்று. ஆதலின் பட்டப்படிப்பைக் கைவிடாதீர்கள். ஆயினும் இன்று உங்கள் கைப்பேசியிலேயே காமிரா உள்ளது. நமக்கு அருகிலுள்ள பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022-இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. அதன் பறவைகளைப் படமெடுக்கப் பலர் வருவர். அதன் ஒரு பகுதியில் பல்லாண்டுகளாகக் கொட்டப்பட்ட நகரக் குப்பையைக் கிளறிப் பிழைத்தோரின் கதையை எடுப்பவர் யார்? அவர்களிடம் முதலில் இசைவு கேளுங்கள், அமர்ந்து பேசுங்கள், அதன்பின் படமெடுங்கள்.

அடுத்த முறை "உங்கள் ஊரை வரையுங்கள்" என்று கேட்கும்போது, நம் தெரு அத்தாளில் இருக்கட்டும்.