இருபது எழுத்தில் ஒரு பயணம்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



வாங்கிய நூலைப் படிக்காமல் அடுக்கி வைக்கும் வழக்கத்திற்கு ஜப்பானிய மொழியில் தனிச்சொல் ஒன்று உண்டு. 'த்சுந்தோகு' என்பது அது. 'அடுக்கி வைத்தல்' என்னும் பொருள்படும் தொடரோடு 'படிப்பு' என்னும் சொல்லை ஒட்டிச் செய்த சிலேடை. மெய்ஜி காலத்திலிருந்து வழங்கி வருவது. பிற்காலத்தில் அதன் சாயலிலேயே 'த்சுமிகே' என்ற இன்னொரு சொல் பிறந்தது. வாங்கியும் விளையாடாமல் அடுக்கப்பட்ட வீடியோ விளையாட்டுகளை அது குறிக்கும். நூலடுக்கு இருக்கும் வீட்டில் ஒரு மூலையில் குற்றவுணர்வும் குடியிருக்கும் என்பதை இந்த அவையினருக்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. விளையாட்டு அடுக்கின் கதையும் அதுவே.

அவ்வடுக்கில் பெரும்பங்கு கொள்பவை, கதைமாந்தர் ஒருவரின் வேடத்தை ஏற்று நெடும்பயணம் செய்யும் விளையாட்டுகள். ஜப்பானில் செழித்த இவ்வகை நேரத்தை நிரம்பக் கேட்பது. 1997-இல் வந்த 'ஃபைனல் ஃபேன்டஸி 7' முடிய ஏறத்தாழ 40 மணி நேரமாகும். 2016-இன் 'பெர்சோனா 5' முடிய 100 மணி நேரம் வரை ஆகும். ஒருவர் ஒரு மாதத்தை ஒதுக்கி, நாளொன்றுக்கு 2 மணி நேரம் தந்தாலும் கைக்கு வருவது 60 மணி நேரமே. அடுக்கு காலியாகாது. ஆகவே அந்த மாதத்தை எவற்றுக்குத் தருவது என்னும் தேர்வு எழுகிறது. பொழுதுபோக்குப் பொருளுக்கு இலக்கிய வட்டத்தில் என்ன வேலை என்னும் வினாவும் உடன் எழும். தொடக்க காலப் படைப்புகள் சிலவற்றை ஆண்டு வரிசையில் எடுத்துப் பார்த்தால் இரு வினாக்களுக்கும் விடை கிடைக்கும்.

வரிசையின் தலைப்பில் நிற்பது 'டிராகன் குவெஸ்ட்'. 1986 மே 27 அன்று, நின்டெண்டோ நிறுவனத்தின் ஃபேமிகாம் கருவிக்காக வெளிவந்தது. கதையும் உரையாடலும் யூஜி ஹோரீ. நிரல் கோயிச்சி நாகமுரா. இசை கோயிச்சி சுகியாமா. அரக்க உருவங்கள் அகிரா தோரியாமா. சுகியாமா 2021-இலும் தோரியாமா 2024-இலும் மறைந்தனர். ஹோரீ பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைத்தவர். சித்திரக்கதை வரைய ஆசைப்பட்டவர். அமெரிக்காவில் கணிப்பொறிக்கென வந்த 'அல்டிமா', 'விசார்ட்ரி' ஆகியவற்றில் மனம் தோய்ந்து, அவற்றின் சுவையைக் கணிப்பொறி அறியாத சிறுவருக்கும் தர முனைந்தார்.

அவருக்குக் கிடைத்த இடமோ 64 கிலோபைட். இன்று கைபேசியில் எடுக்கும் ஒரே ஒளிப்படம் இதனினும் பன்மடங்கு இடம் கொள்ளும். நாடு, நகரம், குகை, அரக்கர், இசை, ஊர் மக்களின் பேச்சு அனைத்தும் அதற்குள் அடங்க வேண்டும். எழுத்து வடிவங்களும் அவ்விடத்தையே தின்றன. ஆதலால் ஆயிரக்கணக்கான சீன எழுத்துகள் முதலில் விலக்கப்பட்டன. எஞ்சியவை ஒலியெழுத்து வரிசைகள் இரண்டு: இயல்பான பேச்சுக்கு ஹிரகானா, அயற்சொல்லுக்கும் அயற்பெயருக்கும் கதக்கானா. பின்னதன் அடிப்படை எழுத்து 46. அத்தனைக்கும் இடமில்லை. ஹோரீ 20 எழுத்துகளை மட்டும் பொறுக்கி எடுத்தார். ஐந்து உயிர்களில் 'இ' ஒன்றே தேறியது. 'ந' வரிசை முழுதும் போயிற்று. ஒலியை மாற்றும் இரு சிறு கீற்றுகளைத் தனியே எழுத்தின் தலைமேல் வைத்து, 'த'வைக் கொண்டே 'ட'கரத்தின் மெல்லொலியையும் 'க'வைக் கொண்டே அதன் மெல்லொலியையும் பெற்றனர்.

அந்த உலகத்தின் பெயர்களெல்லாம் இந்த இருபதிலிருந்தே பிறந்தன. ரதாதோமு என்னும் தலைநகர், ரிமுல்தார் என்னும் ஊர், லோரா என்னும் இளவரசி, ஹொய்மி என்னும் குணமாக்கும் மந்திரம், ரூரா என்னும் ஊர் திரும்பும் மந்திரம், எவற்றை எடுத்தாலும் அவ்வெல்லைக்குள் நிற்பவை. நாற்பதாண்டு ஆகப்போகும் காலத்தும் ஜப்பானியர் பலர் 'ஹொய்மி' என்றதும் காயம் ஆறுவதை எண்ணிக் கொள்கின்றனர். இதழ் குவியா எழுத்துகளை மட்டும் கொண்டு நிரோட்டக யமக அந்தாதி பாடிய சிவப்பிரகாசரை அறிந்த அவைக்கு இந்த வித்தை விளங்காமற் போகாது. அங்கே புலமையின் அறைகூவல். இங்கே வறுமையின் கட்டாயம். விளைவு ஒன்றே: தட்டுப்பாடு சொல்லைக் கூர்மையாக்கியது.

இந்நாட்டில் கராய் என்றோர் ஊரும் உண்டு. பாணன் ஒருவன் பெயரால் அமைந்தது. அவன் கல்லறையின் அடியில் அவனது வெள்ளி யாழ் கிடக்கிறது. அதை மீட்டினால் அரக்கர் ஓடி வருவர். பாட்டுக்கு ஈர்ப்பு உண்டு, ஆனால் யாரை ஈர்ப்பது என்று தெரிவு செய்யும் உரிமை பாணனுக்கு இல்லை என்னும் உண்மை, விளையாட்டின் ஒரு சிறு பொருளுக்குள் அடைபட்டிருக்கிறது.

இனிக் கவிஞர்கள் காது கொடுக்க வேண்டிய செய்தி. 1986-இன் அந்தக் கேட்ரிட்ஜில் பயணத்தைப் பதிந்து வைக்கும் வசதி கிடையாது. கருவியை அணைத்தால் அத்தனையும் போகும். அதற்கு மாற்றாக, அரண்மனைக்குச் சென்று மன்னனைக் கண்டால் அவன் 20 ஹிரகானா எழுத்துகளைச் சொல்வான். 'உயிர்ப்பிக்கும் மந்திரம்' என்று அதற்குப் பெயர். ஆடுபவர் அதைத் தாளில் எழுதிக்கொண்டு, மறுநாள் எழுத்தெழுத்தாகத் திரும்பச் சொல்ல வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் 64 எழுத்துகளில் ஒன்று வரலாம். வீரனின் பெயர், அனுபவம், கையிருப்புப் பொன், ஆயுதம் எல்லாம் அவ்விருபதில் பொதிந்திருக்கும். ஒரு பகுதி பிழையைக் கண்டறியும் காவலாக நிற்கும்.

அந்த 20 எழுத்துகள் திரையில் எவ்வாறு அடுக்கப்பட்டன? ஐந்து, ஏழு, ஐந்து, மூன்று. முதல் 17 எழுத்துகள் ஹைக்கூவின் அளவு! 1916-இல் சுதேசமித்திரனில் பாரதியார் ஜப்பானியக் கவிதையைப் பற்றி எழுதிய நாள்தொட்டுத் தமிழ்க் கவிஞர் அறிந்த அதே அளவு. ஜப்பானியச் செவிக்கு ஐந்தும் ஏழும் இயல்பாய் ஒட்டிக்கொள்ளும். ஆதலால் பொருளற்ற எழுத்துக் கோவையும் நாவில் நிற்கிறது. பாஷோவின் புகழ்பெற்ற தவளைப் பாட்டை எழுதி, இறுதியில் அவர் பெயரை நினைவூட்டும் மூன்றெழுத்தைச் சேர்த்தால், விளையாட்டு அதை மெய்யான மந்திரமாக ஏற்றுக் கதவைத் திறக்கும். இதை ஆடுவோர் கண்டறிந்தனர். பதினேழாம் நூற்றாண்டின் பாட்டொன்று இருபதாம் நூற்றாண்டின் இயந்திரத்திற்குத் திறவுகோலாயிற்று.

பிழையெழுத்தின் துயரமும் இங்கே உண்டு. அக்காலத் தொலைக்காட்சியின் மங்கிய திரையில் 'ப'வின் தலையில் இருப்பது கீற்றா வட்டமா என்று தெரியாது. 'நு'வும் 'மெ'யும் ஒரு சுழிப்பில் வேறுபடும். 'ரு'வும் 'ரொ'வும் அப்படியே. ஓரெழுத்து மாறினால் மன்னனின் மந்திரம் செல்லாது. 1987-இல் வந்த இரண்டாம் பாகத்தில் வீரர் மூவராயினர். மந்திரமும் 52 எழுத்து வரை நீண்டது. எத்தனையோ வாரங்களின் உழைப்பை ஒரு சுழிப்பில் இழந்து அழுத சிறுவர் பலர். ஓலையில் புள்ளியின்றி எழுதிய ஏடுகளைப் படித்துப் பாடம் காண அல்லற்பட்ட பதிப்பாசிரியரின் வேதனைக்கு இது தூரத்து உறவு.

1988 பிப்ரவரியில் மூன்றாம் பாகம் வந்தது. கேட்ரிட்ஜுக்குள்ளேயே ஒரு சிறு மின்கலம் வைத்துப் பயணத்தைப் பதிந்தனர். அப்பதிவுக்கு 'சாகச நூல்' என்று பெயரிட்டனர். எழுதும் தொல்லை நீங்கிற்று. புதிய அச்சம் வந்தது. சில வேளை பதிவு தானாகவே அழியும். அப்போது நடுங்கவைக்கும் இசையோடு, நூல் மறைந்துவிட்டது என்னும் அறிவிப்பு தோன்றும். அந்த இசையை இன்றும் பலர் சாபத்தின் இசை என்றே சொல்வர்.

அடுத்த ஆண்டு, 1989 ஜூலையில், 'மதர்' வெளிவந்தது. படைத்தவர் ஷிகேசாதோ இதோய். விளம்பர வாசகம் எழுதிப் புகழ்பெற்றவர். வாளும் மந்திரமும் நிறைந்த அயல்நாட்டுக் கோட்டைகளை விட்டு, ஒரு சிறுவனின் வீட்டிலிருந்து கதையைத் தொடங்கினார். பாட்டொன்றின் எட்டுத் துண்டுகளை அவன் தேடிச் சேர்க்கிறான். ஒன்று பொம்மையிடம், ஒன்று சிறைப்பட்ட குருவியிடம், ஒன்று குரங்கிடம், ஒன்று பியானோவில், ஒன்று கள்ளிச்செடியில், ஒன்று பெருநாகத்திடம், ஒன்று இயந்திர மனிதனிடம், இறுதித் துண்டு ஒரு கல்லறையில். முடிவில் நிற்கும் பகைவன், ஒரு காலத்தில் மானிடத் தாயொருத்தி வளர்த்த வேற்றுலகக் குழந்தை. அவன்மீது எந்த ஆயுதமும் பலிப்பதில்லை. செய்யக்கூடியது ஒன்றே: பாட வேண்டும். அவன் தடுக்கத் தடுக்கத் திரும்பத் திரும்பப் பாட வேண்டும். அப்பாட்டு அவனுக்கு அந்தத் தாய் பாடிய தாலாட்டு. பகைவன் சாவதில்லை; கேட்கப் பொறாமல் பின்வாங்குகிறான்.

1992-இல் வந்த 'டிராகன் குவெஸ்ட் 5' இன்னொரு படி மேலே சென்றது. தந்தையின் கையைப் பிடித்து நடக்கும் சிறுவனாகத் தொடக்கம். அத்தந்தை மகனின் கண்முன்னே கொல்லப்படுகிறார். பத்தாண்டு அடிமை வாழ்வு. பின் திருமணம்; மணமகளை ஆடுபவரே தெரிவு செய்ய வேண்டும். பின் கல்லாகச் சமைந்து, பருவங்கள் மாறுவதைப் பார்த்தபடி பல்லாண்டு நிற்றல். ஆடுபவர் தம்மையே வீரர் என்று எண்ணிக்கொண்டு அத்தனை தொலைவு வந்த பின்னர் உண்மை வெளியாகிறது: உலகம் எதிர்பார்த்த வீரன் அவர் அல்லர், அவர் பெற்ற பிள்ளை. சிறுவருக்கென்று செய்த பொருள் ஒன்று, மனித வாழ்வில் பெரும்பாலோர்க்கு வாய்ப்பது தலைமையன்று, தலைமுறையே என்று அமைதியாகக் கூறிவிடுகிறது.

1997 ஜனவரி 31-இல் வந்த 'ஃபைனல் ஃபேன்டஸி 7' மூன்று குறுந்தட்டுகளில் அமைந்தது. முதல் தட்டின் இறுதியில் ஏரித் என்னும் பூக்காரப் பெண் கொல்லப்படுகிறாள். ஆடுபவர் எவ்வளவு வல்லவராயினும் அதைத் தடுக்க இயலாது. உடனே போர் மூள்கிறது. வழக்கமான போர் இசை எழவில்லை. நோபுவோ உயேமத்சு அவளுக்கென்று அமைத்த துயர இசையே போர் முழுதும் தொடர்கிறது. கைகள் போரிடுகின்றன, செவி ஒப்பாரி கேட்கிறது. அதன்பின் குழுவில் அவளிருந்த இடம் வெறுமையாகவே நிற்கும்.

இப்படைப்பின் 2015-ஆம் ஆண்டு மறுவெளியீடு ஒன்றில், மூன்று மடங்கு வேகத்தில் ஆடும் வசதி சேர்க்கப்பட்டது. அடுக்கைக் குறைக்க விழைவோர்க்கு அது வரம்போல் தோன்றும். ஆனால் அவளோடு நடந்த நேரம் சுருங்கினால் அவளை இழந்த துயரமும் சுருங்கும். மாதத்தில் எத்தனை முடிந்தன என்று எண்ணுபவர் அடுக்கைக் குறைக்கிறார். எதையும் பெற்றுக்கொண்டாரா என்பது வேறு கணக்கு. ஒரே மூச்சில் நூறு குறட்பாக்களை ஒப்பித்தவர்க்கும் ஒரு குறளோடு ஒரு நாள் இருந்தவர்க்கும் உள்ள வேறுபாடு இது. அறுபது மணி நேரத்தில் ஒன்றை முடித்து, அதனோடு இருந்தவரே அடுக்குக்கு நியாயம் செய்தவர்.

இறுதியாக ஒன்று. 1988-இன் கேட்ரிட்ஜுகளில் இருந்த மின்கலங்கள் காலப்போக்கில் ஓய்ந்தன. மின்கலம் ஓய்ந்தால் அதனுள்ளிருந்த சாகச நூலும் மறையும். எத்தனையோ சிறுவரின் பயணங்கள் அவ்வாறு ஓசையின்றி அழிந்தன. ஆனால் 1986-இல் பள்ளிக் குறிப்பேட்டின் பின்பக்கத்தில் ஒருவர் பிழையின்றி எழுதிவைத்த இருபது எழுத்து இன்றும் செல்லும். பழைய கருவி ஒன்றில் அதே கேட்ரிட்ஜின் எப்படி ஒன்றைச் செருகி அவ்வெழுத்துகளைச் சொன்னால், அன்று நின்ற அதே இடத்தில், அதே பொன்னோடும் அதே பெயரோடும் வீரன் எழுந்து நிற்பான். வசதி குறைந்த முறையே நிலைத்தது. இயந்திரம் நினைவில் வைத்தது போயிற்று. கை எழுதியது நின்றது.

பத்தாண்டுகளாகக் கவிதையை வாய்விட்டுப் படித்தும், தாளில் எழுதியும், இன்று மலராகத் தொகுத்தும் வரும் இவ்வட்டம் செய்வது வேறென்ன? பிறர் திரும்பச் சொன்னால் உயிர்த்தெழும்படி, எழுத்துப் பிழையின்றி, எழுதி வைப்பது. அப்பணி தொடர்க.