காப்பி மூட்டையும் கடன் சீட்டும்: ஹைட்டி வரலாற்றில் உழவரின் இடம்

ஹைட்டியின் வரலாறு பெரும்பாலும் ஓர் எழுச்சியின் கதையாகவும் அதைத் தொடர்ந்த நெடிய வீழ்ச்சியின் கதையாகவும் சொல்லப்பட்டு வருகிறது. 1791இல் அடிமைகள் கிளர்ந்தெழுந்ததும் 1804இல் விடுதலை பெற்றதும் விரிவாக எழுதப்பட, அதற்குப் பிந்தைய நூறாண்டுகள் படைத்தலைவர்களின் சச்சரவாகச் சுருக்கப்பட்டு, வறுமை என்ற சொல்லோடு முடிக்கப்படுகின்றன. நிலம் யார் கையில் இருந்தது, அதில் யார் உழைத்தனர், அரசின் செலவுக்கும் கடனுக்கும் யார் பணம் கொடுத்தனர் என்னும் கேள்விகள் இந்த வரைவில் இடம் பெறுவதில்லை. அந்நாட்டில் இரண்டு விடுதலைகள் நிகழ்ந்தன என்பதும், படைத்தலைவர்கள் வென்றெடுத்த அரசியல் விடுதலை, உழவர் வென்றெடுத்த நில விடுதலையோடு தொடக்கம் முதலே மோதியது என்பதும் இவ்வுரையின் நிலைப்பாடு.

1697ஆம் ஆண்டின் ரைஸ்விக் உடன்படிக்கைக்குப் பின் ஹிஸ்பானியோலாத் தீவின் மேற்கு மூன்றில் ஒரு பகுதி பிரான்சின் ஆட்சிக்கு உரியதாயிற்று. சான் டொமிங் என்று அழைக்கப்பட்ட அக்குடியேற்றம் 1780களில் ஐரோப்பாவுக்குச் சென்ற சர்க்கரையில் ஏறத்தாழ 40 விழுக்காட்டையும் காப்பியில் பாதிக்கு மேற்பட்டதையும் விளைவித்தது. ஏறத்தாழ 5 லட்சம் அடிமைகளின் உழைப்பில் நின்ற அந்தச் செல்வம் அவர்களை மிக விரைவாகக் கொன்றுகொண்டும் இருந்தது. இறப்பு பிறப்பை மிஞ்சியதால் ஆப்பிரிக்காவிலிருந்து ஆண்டுதோறும் கப்பல் கப்பலாக ஆட்களைக் கொண்டுவந்து இறக்க வேண்டியிருந்தது. எனவே புரட்சி வெடித்தபோது அடிமைகளில் பாதிக்கு மேற்பட்டோர் ஆப்பிரிக்காவில் பிறந்தவர்களாகவும், அங்கு உழவும் போரும் கண்டவர்களாகவும் இருந்தனர். உரிமை பற்றிய கருத்து பாரிசிலிருந்து வந்த கப்பலில்தான் அவர்களுக்கு வந்து சேர்ந்தது என்று எழுதுவோர் இந்த ஒரு செய்தியை நினைவிற்கொள்ளுதல் நலம்.

பெருந்தோட்டம், அதாவது ஒரே விளைபொருளை ஏற்றுமதிக்காகக் கட்டாய உழைப்பால் விளைவிக்கும் பரந்த பண்ணை, தன் எல்லைக்குள்ளேயே தனக்கு மாறான ஒன்றை வளர்த்து வைத்திருந்தது. உணவுச் செலவைக் குறைக்க விரும்பிய உடைமையாளர்கள் கரும்புக்கு உதவாத மேட்டு நிலத்தில் சிறு துண்டுகளை அடிமைகளுக்கு ஒதுக்கினர். அவற்றில் கிழங்கும் வாழையும் பயறும் விளைவித்து, மிஞ்சியதை ஞாயிற்றுச் சந்தையில் விற்ற அம்மக்கள், சொந்தப் பயிர் என்பதன் பொருளை அடிமை நிலையிலேயே அறிந்திருந்தனர். 1791 ஆகஸ்டில் வடக்குச் சமவெளியில் தோட்டங்கள் எரிந்தபோது, மன்னர் வாரத்திற்கு மூன்று நாள் ஓய்வு அளித்துச் சாட்டையடியையும் ஒழித்துவிட்டார் என்றும், உள்ளூர் வெள்ளையரே அதை மறைத்துவிட்டனர் என்றும் ஒரு செய்தி அடிமைகளிடையே பரவியிருந்தது. செய்தி பொய்யே; ஆயினும் அந்த மூன்று நாள்களைத் தம் சொந்தக் கொல்லையில் செலவிடலாம் என்பதே அதன் ஈர்ப்பாக இருந்திருக்க வேண்டும் என்று கருத இடமுண்டு.

1793இல் பிரெஞ்சு ஆணையர் சோந்தோனாக்ஸ் வடக்கில் அடிமைமுறையை ஒழித்ததும், 1794 பிப்ரவரியில் பாரிசின் தேசிய மாமன்றம் அதைப் பிரெஞ்சுக் குடியேற்றங்கள் அனைத்துக்கும் விரித்ததும் நன்கு அறியப்பட்டவை. அதன் பின் ஆட்சியைக் கைக்கொண்ட துசேன் லூவெர்த்தூர், தாமே அடிமையாகப் பிறந்தவராயினும், ஆயுதம் வாங்கப் பணம் வேண்டும், பணத்திற்கு ஏற்றுமதி வேண்டும், ஏற்றுமதிக்குப் பெருந்தோட்டம் வேண்டும் என்று கருதியவர். 1800 அக்டோபரில் அவர் பிறப்பித்த ஆணை, படைவீரர் படைக்குக் கட்டுப்பட்டது போலவே உழவர் தத்தம் தோட்டத்திற்குக் கட்டுப்பட்டவர் என்று விதித்தது. விளைச்சலில் கால் பங்கு கூலியாகக் கிடைத்தாலும், அனுமதியின்றித் தோட்டத்தைவிட்டு நீங்குவது குற்றமாயிற்று. 1801 பிப்ரவரியில் வந்த மற்றோர் ஆணை 50 காரோவுக்குக் குறைந்த நிலத்தின் விற்பனையைப் பதியக் கூடாதெனத் தடுத்தது. காரோ என்பது ஏறத்தாழ 1.3 ஹெக்டேர் கொண்ட நில அளவு; ஆகவே இரண்டு மூன்று குடும்பங்கள் கூடிப் பணம் சேர்த்துச் சிறு நிலம் வாங்கும் வழி சட்டத்தாலேயே அடைக்கப்பட்டது. துசேனின் வரலாற்றை எழுதியோர் பலர் அவருடைய 1801ஆம் ஆண்டு அரசமைப்புக்கு அளித்த பக்கங்களில் பத்தில் ஒரு பங்கையேனும் இந்தச் சிறிய ஆணைக்கு அளித்திருக்கலாம். அதே ஆண்டு இறுதியில் வடக்கு உழவர் எழுந்தபோது, அவர்களுக்கு ஆதரவானவர் எனக் குற்றஞ்சாட்டப்பட்ட மொய்ஸ், துசேனின் உறவினராகவும் படைத்தலைவராகவும் இருந்தும் சுட்டுக் கொல்லப்பட்டார்.

1802இல் நெப்போலியனின் படை லெக்லேர் தலைமையில் வந்திறங்கிய பின், துசேன் சிறைப்பட்டு, 1803 ஏப்ரலில் பிரான்சின் ஜூரா மலைக் கோட்டையொன்றில் இறந்தார்; அடிமைமுறை மீளும் என்பது தெளிவான பின்னரே படைத்தலைவர்களும் மலைகளில் ஏற்கெனவே போரிட்டுக்கொண்டிருந்த உழவர் குழுக்களும் ஒன்றாயினர். மஞ்சள் காய்ச்சலும் போரும் பிரெஞ்சுப் படையை அழிக்க, 1803 நவம்பர் 18இல் வெர்த்தியேர் போரில் வென்ற படைத்தலைவர் தெசலின் 1804 ஜனவரி 1இல் கொனைவ் நகரில் விடுதலையை அறிவித்தார். அவருடைய 1805ஆம் ஆண்டு அரசமைப்பு வெள்ளையர் நிலம் உடைமையாக்குவதைத் தடுத்தது. பிரெஞ்சுப் படையிலிருந்து விலகி நாட்டினராகிவிட்ட போலந்தியரும் அங்குக் குடியேறியிருந்த ஜெர்மானியரும் விலக்குப் பெற்றோரில் அடங்குவர். குடியேற்றக்காரர் விட்டுச்சென்ற நிலங்களை அரசுடைமையாக்கி, பத்திரங்களைச் சரிபார்க்கவும் முற்பட்ட தெசலின் 1806 அக்டோபரில் கொல்லப்பட்டதற்கு, அந்நிலங்களைக் கைப்பற்றியிருந்தோரின் அச்சமும் ஒரு காரணம்.

நாடு இரண்டாகப் பிரிந்த பின், வடக்கில் 1811இல் முடிசூடிய கிறிஸ்தோப் பெருந்தோட்டங்களைக் கட்டாய உழைப்பால் நடத்தி, அவ்வருவாயில் சான்சூசி அரண்மனையையும் மலையுச்சிக் கோட்டையையும் எழுப்பினார். தெற்கில் பெத்தியோன் 1809 முதல் படைவீரருக்குத் தகுதிக்கேற்ப நிலம் பகிர்ந்தளித்தார். ஊதியம் கொடுக்க முடியாத கருவூலமும் ஆதரவைத் தக்கவைக்கும் தேவையும் அக்கொடைக்குப் பின்னால் இருந்தன. நிலம் கிடைக்காதோர் மலைச்சரிவுகளில் தாமே குடியேறினர். அங்கு உருவான வாழ்க்கைமுறைக்கு இரண்டு தூண்கள். ஒரு பொது முற்றத்தைச் சூழ உறவினர் வீடுகளும் முன்னோர் கல்லறைகளும் வழிபாட்டிடமும் அமைந்த குடியிருப்பு லாக்கூ எனப்படும். அறுவடைக்கும் நிலம் கொத்துவதற்கும் அண்டை வீட்டார் பாட்டும் உணவுமாகக் கூடி முறைவைத்து உழைப்பது கோன்பிட் எனப்படும். ஹைட்டிய சமூகவியலாளர் ழான் காசிமிர் இவ்வமைப்பை எதிர்ப் பெருந்தோட்டம் என்று வகைப்படுத்தியது பொருத்தமானதே. 1820களில் சர்க்கரை ஏற்றுமதி ஏறக்குறைய அற்றுப்போனதை அன்றைய அயலார் சோம்பலின் சான்றாக எழுதினர். கரும்பாலைக்குத் திரும்ப மறுத்த ஒரு மக்களின் முடிவாக அதைப் படிப்பதே தகும். தமிழருக்கு இவ்வேறுபாட்டை உணர அருகிலேயே ஒரு சான்று உள்ளது: மார்த்தினிக், குவாதலூப் தீவுகளில் 1848இல் அடிமைமுறை ஒழிந்த பிறகும் பெருந்தோட்டம் குலையாமல் நின்றது, அதற்கு ஆள் தேடியே 1850களிலிருந்து புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியே தமிழர் ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றிச் செல்லப்பட்டனர். ஹைட்டியில் அத்தகைய தோட்டம் மிஞ்சியிருக்கவில்லை.

நிலத்தைப் பிடிக்க இயலாத அரசு துறைமுகத்தைப் பிடித்தது. மலை உழவர் வீட்டைச் சுற்றி வளர்த்த காப்பி, தரகர் கைமாறிக் கடற்கரைக்கு வந்தே தீர வேண்டும். அங்கே அதன் மீது விதித்த ஏற்றுமதி வரியே பத்தொன்பதாம் நூற்றாண்டு ஹைட்டிய அரசின் முதன்மை வருவாய். இந்நிலையில் 1825 ஜூலையில் பிரெஞ்சு மன்னர் பத்தாம் சார்லசின் ஆணையை ஏந்திப் பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் போர்த்தோபிரின்ஸ் வந்தன. முன்னாள் குடியேற்றக்காரருக்கு 15 கோடி பிராங்க் இழப்பீட்டை ஐந்து ஆண்டுத் தவணைகளில் செலுத்தவும், பிரெஞ்சு வணிகத்திற்குப் பாதிச் சுங்கம் மட்டுமே பெறவும் இசைந்தால் விடுதலை ஏற்கப்படும் என்பது ஆணை. போரில் வென்றவர் தோற்றவருக்கு ஈடு செலுத்திய அரிய நிகழ்வு இது. குடியரசுத் தலைவர் புவாயே இசைந்தார்; முதல் தவணைக்கே பாரிசில் 3 கோடி பிராங்குக்குக் கடன்பத்திரம் எழுதி, கழிவு போக 2 கோடியே 40 லட்சம் மட்டுமே கைக்குப் பெற்றார். இழப்பீட்டைச் செலுத்த வாங்கிய கடன் என்னும் இவ்விரட்டைச் சுமையில், 1838 உடன்படிக்கை இழப்பீட்டின் மிச்சத்தை 6 கோடியாகக் குறைத்த பிறகும், பின்வந்த கடன்கள் முன்வந்தவற்றைத் தாங்கிக்கொண்டே நீண்டன.

உழவரை மீண்டும் தோட்டத்தில் கட்டிவைக்க 1826இல் புவாயே இயற்றிய ஊரகச் சட்டத்தொகுப்பு, அனுமதிச் சீட்டும் ஊரகக் காவலும் கொண்டிருந்தும், சிதறிய குடியிருப்புகளில் நிறைவேறாமல் போயிற்று. காப்பி வரியோ தவறாமல் நிறைவேறியது. 1844இல் தெற்கே அக்காவோவின் தலைமையில் ஈட்டி ஏந்தி எழுந்த உழவர், நகரத்து மேட்டுக்குடியின் ஆட்சியை எதிர்த்ததோடு தம் விளைபொருளுக்கு நியாயமான விலையும் கேட்டனர். 1915இல் அமெரிக்கப் படை நாட்டைக் கைப்பற்றியபோது சுங்கத்தையே முதலில் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டதும், 1918ஆம் ஆண்டு அரசமைப்பால் அயலார் நிலம் வாங்கும் தடையை நீக்கியதும், சாலை போட உழவரைக் கட்டாய வேலைக்கு இழுத்ததும் இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்கத்தக்கவை. அக்கட்டாய வேலையின் கசப்பே ஆக்கிரமிப்பை எதிர்த்த சார்ல்மாஞ் பெரால்த்தின் காக்கோ எனப்பட்ட கிளர்ச்சிப் படைக்கு ஆள் சேர்த்தது. அவர் 1919இல் கொல்லப்பட்டாலும் ஆக்கிரமிப்பு 1934 வரை நீடித்தது.

இவ்வரலாற்றின் சான்றுகளும் சமமாகப் பரவியிருக்கவில்லை. தோமா மதியூ, போப்ரன் அர்துவேன் ஆகிய பத்தொன்பதாம் நூற்றாண்டு ஹைட்டிய வரலாற்றாசிரியர்கள் அளித்த செய்திகள் அளவிறந்தவை. ஆயினும் அவர்கள் ஆட்சியாளரின் பக்கம் நின்று எழுதினர். சி. எல். ஆர். ஜேம்சின் 1938ஆம் ஆண்டு நூல் புரட்சியை உலக வரலாற்றின் நடுவில் நிறுத்தியது. 1977இல் மிஷேல் ரோல்ஃப் துருயோ ஹைட்டிய மக்களின் கிரியோல் மொழியிலேயே ஒரு புரட்சி வரலாறு எழுதினார். கரோலின் ஃபிக் 1990இல் அடித்தள மக்களின் நோக்கில் அதை மீண்டும் ஆராய்ந்தார். ஆவணங்களோ கடல் கடந்து கிடக்கின்றன: விடுதலை அறிவிப்பின் அரசு அச்சுப்படி ஹைட்டியில் எஞ்சாமல், 2010இல் ஆய்வாளர் ஜூலியா காஃபீல்டின் தேடலில் லண்டன் தேசிய ஆவணக்காப்பகத்தில், ஜமைக்கா தொடர்பான தாள்களுக்கிடையே கிடைத்தது.

இழப்பீடு பெற்ற குடியேற்றக்காரர் யார், எந்தத் தோட்டத்திற்கு எவ்வளவு, யார் வாரிசு என்பனவெல்லாம் 1828 முதல் பாரிசில் தொகுதி தொகுதியாக அச்சிடப்பட்டன. அதைச் செலுத்தியவரின் பெயர்ப்பட்டியல் எங்கும் இல்லை. அவ்வாணையின் இருநூறாம் ஆண்டான 2025இல் பிரான்சு அறிவித்த இருநாட்டு வரலாற்றாசிரியர் ஆணையத்தின் முன்னும் இந்தச் சமமின்மை நிற்கிறது. சுங்கப் பதிவேடுகளிலிருந்து மொத்தத் தொகையைக் கணக்கிட முடியும். எந்த மலைச்சரிவில், எத்தகைய உடைமையில் இருந்த குடும்பங்கள் எவ்வளவு இழந்தன என்பதை அறிய, நோட்டரிகளின் விற்பனைப் பத்திரங்களையும், ஊரகக் காவலரின் அறிக்கைகளையும், லாக்கூக்களில் வாய்மொழியாக வழங்கும் நில வரலாறுகளையும் ஒன்றோடொன்று பொருத்திப் படிக்க வேண்டும். அப்பணியின் முறையியல் இக்கருத்தரங்கின் முதல் அமர்வில் விவாதத்திற்கு வைக்கப்படுகிறது.