அடுத்த வீட்டுச் சாளரம்

காட்கோபரில் வீடுகள் நெருங்கி நிற்கின்றன. அடுத்த வீட்டுச் சாளரக் கதவு நம் கொடிக்கயிற்றில் இடித்தாலும், நாமே கையை நீட்டி அதைச் சாத்திவிடுவதில்லை. அவ்வீட்டாரிடம் சொல்லுகிறோம், அவர் கேளாவிடில் குடியிருப்புச் சங்கச் செயலாளரிடம் போகிறோம். கணினித் திரையிலும் இதே வழக்கு உண்டு.

மொழிபெயர்ப்பு என் தொழில். மூலம் இடப்புறம், தமிழாக்கம் வலப்புறம், அகராதி கீழே என மூன்று சாளரங்கள் எனக்கு வேண்டும். நாள்தோறும் அவற்றை இழுத்து அமைத்துச் சலித்து, அவ்வேலையைச் செய்ய ஒரு சிறு நிரல் எழுதினேன். 1985-இல் வெளிவந்த முதல் விண்டோஸில் சாளரங்கள் தளக்கற்களைப்போல் பக்கம் பக்கமாகவே அமைந்தன. 1987-இல் வந்த இரண்டாம் பதிப்பில் அவை ஒன்றையொன்று மறைக்கலாயின. சுதந்திரம் வந்தது, ஒழுங்கு நம் பொறுப்பாயிற்று.

முறை எளியதே. ஒவ்வொரு சாளரத்துக்கும் விண்டோஸ் ஓர் அடையாள எண் வழங்குகிறது. ‘ஃபைண்ட் விண்டோ’ என்னும் கட்டளைக்குத் தலைப்பைக் கொடுத்தால் அவ்வெண் கிடைக்கும். அதனோடு இடம், அகலம், உயரம் ஆகியவற்றை ‘செட் விண்டோ பாஸ்’ என்னும் கட்டளைக்குக் கொடுத்தால், சாளரம் சொன்ன இடத்தில் போய் நிற்கும். முதன்மைத் திரையின் இடது மேல்மூலையே அளவின் தொடக்கம்.

இரண்டு இடங்களில் இடறினேன். தலைப்பு முழுவதும் பொருந்தவேண்டும். கோப்பின் பெயர் மாறியதும் தலைப்பும் மாறவே, நிரல் ஆளைக் காணாமல் திரும்பியது. ஆகவே, திறந்துள்ள சாளரங்களை வரிசையாகப் பார்த்துத் தலைப்பின் ஒரு பகுதியை மட்டும் ஒப்பிடச் செய்தேன். மற்றொரு நாள் இரண்டாம் திரையைக் கழற்றியிருந்தேன். நிரலோ பழைய எண்களை நம்பி, இல்லாத திரைக்குச் சாளரத்தை அனுப்பிவிட்டது! இப்போது எந்தத் திரைகள் உள்ளன என்று கேட்டறிந்த பின்னரே நகர்த்துகிறது.

இனி உரிமையைப் பற்றி ஒரு வார்த்தை. பிறர் சாளரத்துக்குக் கட்டளையிட வல்ல நிரல், நம் பெயரால் அதன் பொத்தானையும் அழுத்தக்கூடும். ஆதலால், 2007-இல் பொதுமக்களுக்கு வந்த விண்டோஸ் விஸ்டா முதல், சாதாரண அதிகாரமுள்ள நிரல் நிர்வாகி அதிகாரத்தில் ஓடும் நிரலின் சாளரத்தைத் தொட இயலாது. மேக் கணினியில் உரிமையாளர் முன்கூட்டி அனுமதி தரவேண்டும். லினக்ஸில், 2008-இல் தொடங்கிய வேலேண்ட் முறை இன்னும் கண்டிப்பானது. அங்கே சாதாரண நிரல் தன் சாளரத்தின் இடத்தைக்கூடத் தானே குறிப்பதில்லை. சங்கச் செயலாளர் சொன்ன இடமே இடம்.

கதவுகளையெல்லாம் அடைத்துவிட்டால் தீங்கு ஒழியும் என்று எண்ணிவிடக் கூடாது. பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துச் சொல்லும் நிரலும் பிறர் சாளரத்தை நோக்கியே பணி புரிகிறது. அதையும் தடுத்தால், அவர்களுடைய எழுத்தும் படிப்பும் நின்றுபோகும். வேண்டுவது பூட்டு மட்டுமன்று. தட்டிக் கேட்பதற்கு ஒரு கதவும், உள்ளிருந்து ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று சொல்லும் உரிமையும் வேண்டும். அவ்வுரிமை கணினியை ஆள்பவருடையது, நிரலுடையதன்று.