கொள்ளை நோயும் நம் சந்துகளும்
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தாராவியில் 2020 ஏப்ரல் 1ஆம் தேதி முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டபோது, இனி அந்த இடம் சுடுகாடுதான் என்று பேசாதவர் இல்லை. இரண்டரைச் சதுர கிலோமீட்டர்கூட இல்லாத இடத்தில் லட்சக்கணக்கான மக்கள். ஒரு கோலியில் எட்டுப் பேர். ஆறடி தள்ளி நில்லுங்கள் என்றார்கள். எங்கே போய் நிற்பது?

ஆனால் மூன்றே மாதத்தில் முதல் அலை அடங்கியது. ஜூலை 10 அன்று உலக சுகாதார நிறுவனத் தலைவரே தாராவியைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். எப்படி நடந்தது? மாநகராட்சி, அந்தந்தப் பகுதியில் கிளினிக் வைத்திருந்த டாக்டர்களையே வீடு வீடாக அழைத்துப் போனது. கவசம் போட்ட அன்னியர் கதவைத் தட்டினால் காய்ச்சலை மறைப்போம். வழக்கமாக நமக்கு ஊசி போடுகிறவர் தட்டினால் திறப்போம். விஷயம் அவ்வளவுதான்.

இதே பம்பாயில் 1896இல் பிளேக் வந்தது. வெள்ளைக்காரன் வீடு புகுந்து நோயாளிகளைத் தூக்கிச் சென்றான். மக்கள் நோயாளிகளை ஒளித்து வைத்தார்கள். லட்சக்கணக்கில் ஊரைவிட்டு ஓடினார்கள். மில் தொழிலாளர்கள் ஆர்தர் ரோடு ஆஸ்பத்திரியையே தாக்கினார்கள். அப்போது, 1897இல், போட்ட சட்டத்தைத்தான் 2020இலும் தூசி தட்டி எடுத்தார்கள்!

பாராட்டு வயிற்றை நிரப்பாது என்பதையும் சொல்ல வேண்டும். ஊரடங்கு மார்ச் 25இல். தொழிலாளருக்கான முதல் சிறப்பு ரயில் கிளம்பியது மே 1இல். அந்த ஐந்து வாரம் கூலியில்லாமல் எப்படிக் கழிந்தது என்று நம் வீடுகளுக்குத் தெரியும்.

இனி வேலைக்கு வருவோம். 2013இல் வந்த தேசிய நகர்ப்புற சுகாதாரத் திட்டத்தில் 'மகிளா ஆரோக்கிய சமிதி' என்று ஒன்று இருக்கிறது. 50 முதல் 100 வீடுகளுக்கு ஒரு பெண்கள் குழு. ஆண்டுக்கு 5000 ரூபாய். நம்மில் எத்தனை பேர் இதைக் கேள்விப்பட்டிருக்கிறோம்? ஐயாயிரத்தில் என்ன கிழிக்க முடியும் என்று கேட்கலாம். பணம் அற்பம்தான். ஆனால் எந்த வீட்டில் கர்ப்பிணி, யாருக்கு டயாலிசிஸ், எந்தப் பாட்டி தனியாக இருக்கிறாள், யாருக்கு மராத்தியும் இந்தியும் தெரியாது என்பது ஆபீசில் இருப்பவனுக்குத் தெரியாது. குழாயடியில் நிற்கும் நம் பெண்களுக்குத் தெரியும்.

அந்தப் பட்டியல் நோய் வருமுன் கையில் இருக்க வேண்டும். மழை வந்தால் எலிக்காய்ச்சலும் டெங்குவும் வரும். ஆகவே சமிதி எங்கே, அதில் தமிழ்ப் பெண்கள் யார் என்று வார்டு ஆபீசில் எழுதிக் கேட்போம். பதில் வரும்வரை காத்திராமல், சந்துக்கு இரண்டு தாய்மார்கள் இன்றே பெயர் கொடுங்கள். நோட்டு மேஜையில் இருக்கிறது.